வீரர் இறந்த பின் பரிமாற்றப் பணம் யார் பொறுப்பு? எமிலியானோ சலா வழக்கும் நம் ஊர்ப் பொடியன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் பதிவுப் படிவங்களையும் வீரர் விடுவிப்புக் கடிதங்களையும் பார்த்துக்கொள்பவன் நான். கொழும்புக் கழகங்களுக்கோ மாலைதீவுக்கோ விளையாடப் போகிறவர்கள் கையெழுத்துப் போட முன் தாளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஏகாம்பரம் மைதானத்தில் பயிற்சி முடிந்து சப்பாத்துக் கழற்றுகிற நேரத்தில் எமிலியானோ சலாவின் பெயர் அடிக்கடி வரும். பெற்றோரும் கேட்கிறார்கள், பொடியன்களும் கேட்கிறார்கள். கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் சொந்த விடயத்துக்குச் சட்டத்தரணி ஒருவரிடம் தாளைக் காட்டுவதுதான் முறை.

சலா யார், என்ன நடந்தது?

ஆர்ஜென்டீனாவின் சாந்தா ஃபே மாகாணத்தில் ப்ரோக்ரெசோ என்ற சிற்றூரில் வளர்ந்த முன்கள வீரர். பிரான்சின் நான்ட் கழகத்துக்கு 2015 முதல் ஆடினார். 2018–19 பருவத்தின் முதற்பாதியிலேயே பிரெஞ்சு லீக்கில் 12 கோல்கள் அடித்திருந்தார். அப்போது பிரீமியர் லீக்கின் அடிமட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி, 17 மில்லியன் யூரோவுக்கு அவரை வாங்கியது. அந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே அதுதான் பெரிய தொகை.

ஒப்பந்தம் 2019 ஜனவரி 19 இல் அறிவிக்கப்பட்டது. பழைய தோழர்களிடம் விடைபெற சலா நான்டுக்குத் திரும்பிப் போனார். 21 ஆம் திகதி இரவு, ஒற்றை இயந்திரம் கொண்ட சிறிய பைப்பர் மலிபு விமானத்தில் கார்டிஃபுக்குப் புறப்பட்டார். மறுநாள் புதிய கழகத்தில் பயிற்சி. ஆங்கிலக் கால்வாயில் கேர்ன்சி தீவுக்கு வடக்கே, பிரித்தானிய நேரம் இரவு 8.16 அளவில் விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. நமக்கு அது 22 ஆம் திகதி அதிகாலை. சலாவுக்கு வயது 28, விமானி டேவிட் இபட்சனுக்கு 59.

மூன்றாம் நாள் அரச தேடுதல் நிறுத்தப்பட்டது. கடலை நம்பி வாழ்கிற திருக்கடலூரில் இதை விளக்கத் தேவையில்லை. படகொன்று வராவிட்டால், கடற்படை தேடி முடித்த பிறகும் கரையிலிருந்து படகுகள் போய்க்கொண்டேதான் இருக்கும். சலாவின் குடும்பமும் அப்படித்தான் கைவிடவில்லை. ம்பாப்பே, குண்டோகன் போன்ற வீரர்களும் ஆயிரக்கணக்கான ரசிகர்களும் கொடுத்த மூன்று இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட பணத்தில் தனியார் தேடுதல் தொடங்கியது. பெப்ரவரி 3 ஆம் திகதி சுமார் 68 மீற்றர் ஆழத்தில் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. 7 ஆம் திகதி சலாவின் உடல் அடையாளம் உறுதியானது. விமானியின் உடல் கிடைக்கவே இல்லை.

ஒரு ஆட்டம்கூட ஆடாத வீரருக்குக் கழகம் ஏன் காசு கட்ட வேண்டும்?

மைதானத்தில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. மனசு ஒரு பக்கம் இழுக்கும், தாள் இன்னொரு பக்கம் இழுக்கும்.

பரிமாற்றப் பணம் வீரர் அடிக்கப்போகும் கோல்களுக்கான கூலி அல்ல. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கிற வீரரை அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவதற்காக, புதிய கழகம் பழைய கழகத்துக்குக் கொடுக்கிற பணம் அது. நான்ட் தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டது. ஒப்பந்தத்தை முறித்தது, சலாவை விடுவித்தது, வீரர் நாடு மாறிப் பதிவதற்கான சர்வதேசப் பரிமாற்றச் சான்றிதழும் போய்ச் சேர்ந்தது. இத்தனையும் விமானம் புறப்பட முன் நடந்தவை. அந்த இரவு சலா நான்டின் வீரர் அல்ல. ஆகவே அவருக்கு நேர்ந்த எதுவும், கணக்குப்படி, கார்டிஃபின் இழப்பு.

இதே விபத்து மூன்று நாள் முந்தி நடந்திருந்தால் கார்டிஃப் ஒரு சதமும் கட்டியிருக்காது. விற்கவிருந்த வீரரையும் வரவிருந்த பணத்தையும் நான்ட் சேர்த்தே இழந்திருக்கும். அப்போதும் அந்தத் தாய்க்கு மகன் இல்லைதான். கழகங்கள் சண்டை போட்டது மகனைப் பற்றியல்ல, அந்த மூன்று நாளைப் பற்றி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வழக்கு முழுவதும் விளங்கும்.

பதிவே முடியவில்லை என்று கார்டிஃப் சொன்னதே? அதில் உண்மை இல்லையா?

ஒரு பாதி உண்மை இருந்தது. சலாவின் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்து ஊக்கத்தொகை எழுதப்பட்டிருந்த விதம் தன் விதிக்கு ஒத்துவரவில்லை என்று பிரீமியர் லீக் திருப்பி அனுப்பியிருந்தது. திருத்திய பிரதியில் சலா இன்னும் கையெழுத்திடவில்லை. ஆகவே பிரீமியர் லீக்கில் விளையாட அவர் அன்று தகுதி பெற்றிருக்கவில்லை. பரிமாற்றத்துக்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை, ஒப்பந்தம் செல்லாது என்று கார்டிஃப் வாதாடியது.

ஆனால் இரு கழகங்களுக்கும் இடையிலான தாளில் கேட்கப்பட்டிருந்தது வேறு. வேல்ஸ் உதைபந்தாட்டச் சங்கத்துக்குச் சர்வதேசச் சான்றிதழ் வந்துவிட்டதா என்பதுதான் அங்கே முக்கியம். அது வந்துவிட்டிருந்தது. லீக்கில் ஆடத் தகுதி பெறுவது ஒரு படி, பரிமாற்றம் நிறைவடைவது வேறு படி. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க, வழக்கை விசாரித்த நடுவர் மன்றத்தினர் மறுத்துவிட்டார்கள்.

நம் கழகங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது வழமை. "லீக்கில பேர் ஏறினாத்தான் அவன் எங்கட ஆள்" என்பார்கள். சண்டை வந்தால் பார்க்கப்படுவது தாளில் எழுதியிருக்கிற நிபந்தனை மட்டுமே.

கடைசியில் காசு கட்டப்பட்டதா?

கட்டப்பட்டது, ஆனால் வருடக்கணக்கில் இழுபட்ட பிறகு. 17 மில்லியனை மூன்று தவணையாகத் தருவதாக ஏற்பாடு. முதல் தவணை 6 மில்லியனைக் கட்டும்படி 2019 செப்டெம்பரில் ஃபிஃபா தீர்ப்பளித்தது. கார்டிஃப் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஓகஸ்ட் 26 இல் அங்கேயும் தோற்றது. சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. புதிய வீரர்களைப் பதிவுசெய்யத் தடை வந்த பிறகுதான் 2023 இல் முதல் தவணை கட்டப்பட்டது. அதே ஆண்டு நடுப்பகுதியில் மீதி 11 மில்லியனையும் கட்டச் சொல்லி ஃபிஃபா உத்தரவிட்டது.

உடல் கிடைக்க முன்னமே நான்ட் காசு கேட்டது சரியா?

நான்ட் முதல் தவணையைக் கேட்டுக் கடிதம் அனுப்பிய செய்தி வெளிவந்தபோது சிதைவும் அதனுள் ஓர் உடலும் காணப்பட்டிருந்தன, அவ்வளவுதான். உடல் யாருடையது என்று உறுதியாகவில்லை. தவணைத் திகதி தாளில் இருந்தது, கேட்கும் உரிமையும் இருந்தது. ஆனாலும் அது செய்யத்தகாத காரியம் என்பதுதான் என் முடிவு.

செத்த வீட்டில் கடன் கேட்கப் போகாத ஊர் நம்முடையது. எட்டுச் செலவு, முப்பத்தொன்று முடியும்வரை பொறுப்பார்கள். பொறுத்ததால் கடன் அழிந்துவிடுவதில்லை. நான்டுக்கும் அப்படித்தான். ஒரு மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டிருந்தாலும் ஒரு யூரோகூடக் குறைந்திருக்காது. தன் மைதானத்தில் ஒன்பதாவது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி அஞ்சலி செலுத்தியதும், சலாவின் 9 ஆம் இலக்கச் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்ததும் இதே கழகம்தான். அந்தத் துயரம் பொய் என்று நான் நினைக்கவில்லை. மைதானத்தில் அழுதவர்களும் கடிதம் எழுதியவர்களும் வேறு ஆட்கள். கழகம் பெரிதாகிவிட்டால் இந்த இரண்டு அறைகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

கார்டிஃபையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. பெப்ரவரி 16 இல் ப்ரோக்ரெசோவின் சான் மார்ட்டின் கழகக் கட்டடத்தில், சலா சிறுவனாக விளையாடிய அதே இடத்தில், இறுதி அஞ்சலி நடந்தபோது கார்டிஃபின் முகாமையாளர் நீல் வோர்னொக் அங்கே போய் நின்றார். பிறகு அதே கழகம்தான் அந்தப் பரிமாற்றமே செல்லாது என்று நடுவர் மன்றங்களில் வருடக்கணக்கில் வாதாடியது. "எங்கள் வீரர்" என்று அஞ்சலியில் சொல்லிவிட்டு, "எங்கள் வீரர் அல்ல" என்று மனுவில் எழுதியதை அந்தக் குடும்பம் எப்படி வாசித்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

வேறு கழகங்கள் இப்படிப்பட்ட நேரத்தில் எப்படி நடந்துகொண்டன?

பிரேசிலின் சாப்பேகோயென்ஸ் கழகத்தைச் சொல்வேன். 2016 நவம்பர் 28 இல், தென் அமெரிக்கக் கழகங்களுக்கான கோப்பா சுடமெரிக்கானா கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்கு அந்த அணி போன விமானம் எரிபொருள் தீர்ந்து கொலம்பியாவின் மெடலின் அருகே விழுந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அணியே இல்லாமல் போய்விட்டது. எதிரணியான அத்லெடிக்கோ நஸியோனல், கிண்ணத்தை அவர்களுக்கே கொடுங்கள் என்று கேட்டது, அப்படியே கொடுக்கப்பட்டது. பிரேசில் கழகங்கள் பல, தங்கள் வீரர்களைக் கட்டணமில்லாமல் கடனாகத் தர முன்வந்தன. எந்த விதியும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் அதே விபத்தில் இன்னொரு பக்கமும் உண்டு, காப்புறுதிக் கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

விமானத்தை ஒழுங்கு செய்தது யார்? யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

காசுச் சண்டையைவிட இதைத்தான் நம் பொடியன்கள் கவனமாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வழமையான பயணிகள் விமானத்தில் வரலாம் என்று கார்டிஃப் சொல்லியிருந்தது. நேரம் ஒத்துவராததால் சலா அதை ஏற்கவில்லை. பரிமாற்றத்தில் ஈடுபட்டிருந்த முகவர் தரப்பு, டேவிட் ஹெண்டர்சன் என்பவர் மூலம் இந்தச் சிறிய விமானத்தைப் பிடித்துக் கொடுத்தது. ஹெண்டர்சனால் அன்று ஓட்ட முடியவில்லை, இபட்சனை அனுப்பினார். இபட்சனிடம் தனியார் விமானி உரிமம் மட்டுமே இருந்தது. காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றும் தகுதி அவருக்கு இல்லை. இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. இவர் இனி என் விமானத்தை ஓட்டக் கூடாது என்று விமானத்தின் உரிமையாளர் ஹெண்டர்சனுக்கு முன்னரே சொல்லியிருந்ததும் பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது.

பிரித்தானிய விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020 மார்ச்சில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மேகத்தைத் தவிர்க்கக் கையால் ஓட்டித் திருப்பியபோது விமானி கட்டுப்பாட்டை இழந்தார், வேகம் எல்லை மீறியதால் விமானம் வானிலேயே உடைந்தது. அத்தோடு, இயந்திரத்தின் புகைபோக்கித் தொகுதியிலிருந்து காபன் மொனொக்சைட் உள்ளே கசிந்திருக்கலாம் என்றும் அறிக்கை சொல்கிறது. சலாவின் இரத்தத்தில் அந்த நச்சு ஏறியிருந்த அளவு 58 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே நல்ல சுகதேகிக்கும் உயிராபத்து. இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. ஒலியெழுப்பி எச்சரிக்கிற சின்னக் கருவி ஒன்று அந்த விமானத்தில் இருக்கவில்லை.

2021 ஒக்டோபரில் கார்டிஃப் நீதிமன்றம், விமானத்தின் பாதுகாப்பை ஆபத்துக்குள்ளாக்கிய குற்றத்துக்கு ஹெண்டர்சனைக் குற்றவாளியாகக் கண்டது. அடுத்த மாதம் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 17 மில்லியன் யூரோ வீரர் ஒருவரை ஏற்றிவரத் தகுதியில்லாத விமானியும் ஒற்றை இயந்திரச் சிறு விமானமும் போதும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். மில்லியன் கணக்கில் பணம் கைமாறிய பரிமாற்றத்தில், "யார் ஓட்டுகிறார்?" என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

சலா வராததால் லீக்கிலிருந்து இறங்கினோம் என்று கார்டிஃப் நட்டஈடு கேட்பது நியாயமா?

2018–19 முடிவில் கார்டிஃப் 34 புள்ளிகளுடன் 18 ஆம் இடம். ஒரு படி மேலே தப்பிய பிரைட்டனுக்கு 36. இரண்டே புள்ளி. சலா ஆடியிருந்தால் தப்பியிருப்போம், விமானத்தை ஒழுங்கு செய்த முகவர் நான்டுக்காகவே வேலை செய்தவர், ஆகவே நான்ட் பொறுப்பு என்பது கார்டிஃபின் வாதம். 100 மில்லியன் யூரோவை நன்றாகத் தாண்டிய தொகை கேட்டு நான்ட் நகர வணிக நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

முகவர் யாருக்காக வேலை செய்தார் என்பது நல்ல சட்டக் கேள்வி. அதை நீதிமன்றம் கேட்கத்தான் வேண்டும். மற்றப் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. புதிய நாடு, புதிய மொழி, குளிர்காலத்தின் நடுவில் வந்து சேர்கிற ஒருவர் இரண்டு புள்ளி கூடுதலாகப் பெற்றுத் தந்திருப்பார் என்று எந்தக் கணக்குப்பிள்ளையாலும் உறுதி சொல்ல முடியாது. இறந்த மனிதர் அடிக்காத கோல்களுக்கு விலை போடுகிற இடத்துக்கு வழக்கு வந்துவிட்டால், அது யாருக்கான நீதி?

இந்தப் பணத்தில் சலாவின் குடும்பத்துக்கு எவ்வளவு?

பரிமாற்றப் பணத்தில் ஒன்றுமில்லை. அது கழகத்துக்கும் கழகத்துக்கும் இடையிலானது. அதிலும், சலாவை நான்டுக்கு விற்ற போர்தோ கழகம், மறுவிற்பனையில் பாதி தனக்கு என்று எழுதி வைத்திருந்தது. ஆகவே நான்ட் அவ்வளவு விடாப்பிடியாக நின்றதற்குப் பின்னால் இன்னொரு கழகமும் பணத்துக்குக் காத்திருந்தது.

குடும்பம் தன் நட்டஈட்டுக்குத் தனியாக வழக்காட வேண்டியிருந்தது. தகப்பனார் அதைப் பார்க்கவில்லை. மகன் போய் மூன்று மாதத்தில், 2019 ஏப்ரலில், மாரடைப்பால் இறந்துவிட்டார்.

பிணவறைப் படங்கள் பற்றிக் கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. பிணவறைக் கண்காணிப்புக் கமராவின் காட்சிகளை அனுமதியின்றிப் பார்த்த இருவருக்கு 2019 செப்டெம்பரில் இங்கிலாந்தில் சிறைத்தண்டனை கிடைத்தது. படம் ஒன்று சமூக வலைத்தளங்களில் பரவியது, நம்மூர் வட்ஸ்அப் குழுக்களுக்கும் இப்படியான படங்கள் வருகின்றன. வந்தால் அழித்துவிடுங்கள், இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். பார்க்கிறவர்களில் அவருடைய சகோதரியும் இருக்கலாம்.

சலாவின் ஊர்க் கழகம் போன்ற சிறிய கழகங்களுக்கு ஏதாவது வருமா?

வரும். ஃபிஃபா விதியில் ஒருமைப்பாட்டுப் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. சர்வதேசப் பரிமாற்றப் பணத்தில் 5 சதவீதம், வீரரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வரையான ஒவ்வொரு ஆண்டுக்கும் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். 17 மில்லியனில் 5 சதவீதம் என்றால் 850,000 யூரோ. பிரித்துக் கொடுத்தாலும் ஒரு சிற்றூர்க் கழகத்துக்கு அது பெரிய பணம். பரிமாற்றம் செல்லாது என்று தீர்ப்பு வந்திருந்தால் இந்தப் பங்கும் இல்லாமல் போயிருக்கும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் கழகம் நடத்துகிற அண்ணன்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பங்கு கேட்க, பொடியன் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை உங்கள் கழகத்தில் பதிவாகியிருந்தான் என்று காட்ட வேண்டும். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் குழுப்படமும் கிண்ணமும்தான். சிறுவர் அணியில் சேர்ந்த நாளே பெயரைச் சங்கத்தில் பதியுங்கள், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோடு. 2022 நவம்பர் முதல் இந்தப் பணங்கள், பங்குகளைக் கணக்கிட்டுப் பிரித்துக் கொடுக்கிற, பாரிஸில் உள்ள ஃபிஃபாவின் தீர்வகம் வழியாகத்தான் போகின்றன. பதிவில் இல்லாத கழகத்தைத் தேடி அது வராது. பரிமாற்றப் பணமே இல்லாமல் சும்மா போகிற வீரருக்கு இந்தப் பங்கு கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கழகம் காப்புறுதி செய்திருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காதே?

பெருமளவு குறைந்திருக்கும். வீரர் நம்முடையவர் ஆகிற அதே நிமிடம் காப்புறுதியும் தொடங்க வேண்டும். கார்டிஃபின் விடயத்தில் அந்த இடைவெளிதான் பள்ளமாகிப்போனது. பின்னர் காப்புறுதித் தரகர் மீதும் அவர்கள் வழக்குப் போட்டார்கள்.

காப்புறுதி இருக்கிறது என்ற சொல்லை மட்டும் நம்பியும் பயனில்லை. சாப்பேகோயென்ஸ் விபத்தில் விமானத்துக்கு 25 மில்லியன் டொலர் காப்புறுதி இருந்தது. ஆனால் கட்டுப்பணம் ஒழுங்காகக் கட்டப்படவில்லை, கொலம்பியாவுக்குப் பறப்பது அதற்குள் அடங்காது என்று காப்புறுதித் தரப்பு கைவிரித்தது. கணவனை இழந்த பெண்கள் வருடக்கணக்கில் நாடு நாடாகப் போராடினார்கள். ஆகவே பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் திகதி முதல், எந்த நாட்டில், எந்தப் பயணத்துக்கு என்று மூன்றையும் வாசியுங்கள்.

எங்கட மகனுக்கு மாலைதீவில கேட்டிருக்கினம். தாளில என்ன பார்க்கிறது?

சில காலத்துக்கு முன் பள்ளத்தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனின் ஒப்பந்தத்தை நாலாக மடித்து, வங்கிப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மாதச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், கோல் ஒன்றுக்கு ஊக்கத்தொகை எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. பயணத்துக்கு ஒரே ஒரு வரி: "கழகம் ஒழுங்கு செய்யும்". எந்த விமானம், தீவுக்குத் தீவு எந்தப் படகு, இரவிலா பகலிலா, காயப்பட்டால் யார், இறந்தால் யார் என்று ஒன்றுமில்லை. அம்மா தாளை வாசிக்கவில்லை, ஆனால் கேட்டது சரியான கேள்வி: "தம்பி, பிள்ளைக்கு ஏதும் நடந்தா ஆர் எனக்கு அறிவிப்பினம்?" அதற்கும் தாளில் பதில் இல்லை.

அன்று அந்தக் கழகத்துக்கு எழுதிக் கேட்டவற்றைத்தான் இன்று எல்லோருக்கும் சொல்கிறேன். பயணச்சீட்டு பதிவுபெற்ற விமான நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும், இலக்கம் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். காப்புறுதி கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகிற நாளிலிருந்தே தொடங்க வேண்டும், முதல் பயிற்சி நாளிலிருந்து அல்ல. உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது என்று எழுதப்பட வேண்டும். இதைக் கேட்க எந்தத் தாய்க்கும் வாய் வராது, ஆகவே கழகத்தில் இருப்பவர்கள் நாம் கேட்க வேண்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தாளில் இருக்க வேண்டும். தமிழில் பேசக்கூடியவர் ஒருவரின் இலக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. வேலை விசாவில் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போவது மேல். அந்தப் பதிவோடு ஒரு காப்புறுதியும் சேர்ந்தே வருகிறது. விளையாடப் போகிறவர்கள் தங்களைத் தொழிலாளி என்று நினைப்பதில்லை, அதனால் பதியாமல் விட்டுவிடுகிறார்கள்.

முகவரை எப்படி நம்புவது?

முகவர் உரிம முறையை ஃபிஃபா 2015 இல் கைவிட்டது. அந்த இடைவெளியில் யாரும் முகவர் ஆகலாம் என்ற நிலை வந்தது. சலாவின் பரிமாற்றம் நடந்தது அந்தக் காலத்தில்தான். பரீட்சையும் உரிமமும் 2023 இல் திரும்பி வந்தன. உரிமம் உண்டா என்று கேளுங்கள், பெயரை ஃபிஃபாவின் தளத்தில் தேடிப் பாருங்கள். அடுத்து, அவருக்குக் காசு கொடுப்பது யார் என்று கேளுங்கள். விற்கிற கழகமா, வாங்குகிற கழகமா, நீங்களா? சலா வழக்கில் முட்டிமோதிய கேள்வி இதுதான். "உங்களுக்காகத்தான் தம்பி ஓடுறன்" என்று வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வேண்டும்.

வீரர் இறந்தால் பாக்கிச் சம்பளம் யாருக்குப் போகும்?

வேலை ஒப்பந்தம் மரணத்தோடு முடிந்துவிடும். அதுவரை உழைத்த சம்பளமும் ஊக்கத்தொகையும் அவருடைய சொத்து, உரித்தாளர்களுக்குச் சேர வேண்டும். மீதி வருடங்களின் சம்பளத்தைக் கேட்க முடியாது, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலோ கழகமே மனமுவந்து கொடுத்தாலோ தவிர. கொழும்பில் திணைக்கள அணிகளிலும் நிறுவன அணிகளிலும் வேலையோடு சேர்த்து ஆடுகிறவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கலாம். அதில் பின்னுரித்தாளி பெயர் யாருடையது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு மாற்றாமலே விட்டவர்கள் பலர். அப்படியானால் மனைவியும் மாமியும் ஒரே வீட்டில் இரண்டு பக்கமாக நிற்க வேண்டி வரும்.

இதெல்லாம் கேட்டால் வந்த வாய்ப்பும் போய்விடாதா?

இந்தப் பயம் எனக்கு விளங்கும். எத்தனையோ வருடம் மழையிலும் வெயிலிலும் ஓடிக் கிடைத்த ஒரு அழைப்பு, அதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அதனால்தான் பொடியனைக் கேட்க விடாதீர்கள் என்கிறேன். கழகத்தின் கடிதத் தலைப்பில், செயலாளரின் கையெழுத்தோடு கேள்விகள் போகட்டும். பள்ளத்தோட்டத்து அம்மாவின் மகனுக்கு நாங்கள் அப்படித்தான் எழுதினோம். பயணச்சீட்டின் பிரதி வந்தது, காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியும் வந்தது. ஆரம்பத் திகதி பிந்தியிருந்ததைச் சுட்டிக்காட்டினோம், திருத்தி அனுப்பினார்கள். வாய்ப்பு எங்கும் போகவில்லை. கடிதத்தின் மாதிரியைக் கேட்கிற எந்தக் கழகத்துக்கும் தருவேன், ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. பயணத் திகதிக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் வாருங்கள்.